செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் ஆடிய கேரம்

தினகரா,

போன் செய்தால் "மீட்டிங்ல கீறேன் நைனா, அப்பறம் பேசறேன்" என்கிறாய். அந்த அப்புறம் இன்னும் வந்தபாடில்லை. உன் அம்மா பேசினால் இரண்டு வார்த்தை பேசுகிறாய், நான் வாங்கிக் காதில் வைத்ததும் சிக்னல் போய்விடுகிறது. திருப்பதியில் என் குரலுக்கு மட்டும் சிக்னல் கிடைக்காது போலிருக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டராக, ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு எழுதிய கை. இப்போது நாற்காலியில் உட்கார்ந்து எழுதினாலும் எழுத்து ஆடிக்கொண்டேதான் வருகிறது, பொறுத்துக்கொள். இன்னும் திருப்பதி வண்டியில் டியூட்டி பார்க்கிற நம் டிப்போ முனிரத்தினத்திடம் கொடுத்து அனுப்புகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு நீ வராவிட்டால் உன் ரூம் கதவைத் தட்டியாவது கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். திங்கட்கிழமைக்குள் நீ இதைப் படித்துவிட வேண்டும். அதற்காகத்தான் இத்தனை அவசரம்.

திங்கட்கிழமை என்ன செய்யப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். போனில் கேரம் ஆடி நீ ஜெயித்த பணத்தை அந்தக் கம்பெனிக்காரன் நிறுத்தி வைத்திருக்கிறான். காசு கட்டிச் சேர்கிற போட்டியில் ஆந்திராக்காரர்கள் ஆடக் கூடாது என்பது அவன் போட்டிருக்கிற நிபந்தனை, நம் மாநிலத்தில் அதற்குச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. நீ தமிழ்நாட்டில் வசிப்பவன் என்பதற்கு ஆதாரம் கொடு, பணத்தை விடுகிறேன் என்று கேட்டிருக்கிறான். நீயும் திருத்தணி பக்கம் இருக்கிற உன் அத்தையிடம் போய், நீ அவள் வீட்டில் குடியிருப்பதாக ஒரு கடிதம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறாய். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். பத்திரிகை அடித்து, புத்தூரில் லாவண்யா வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாகிவிட்டது. இந்த நேரத்தில் இப்படி ஒரு கடிதம்!

உன்னை உளவு பார்த்தேன் என்று நினைக்காதே. முனிரத்தினம்தான் ஒருநாள் டிப்போ வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டான். "இன்னாபா, உன் பையன் ஞாயித்துக்கெழம ஆனா என் வண்டிலதான் வந்துக்கினு கீறான். நம்மூரு நகரில எறங்கறதில்ல. செக்போஸ்ட் தாண்டி எறங்கிக்கிறான். இன்னா மேட்டரு?" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஞாயிற்றுக்கிழமையிலும் சர்வே வேலை போட்டுவிட்டார்கள் என்று எங்களிடம் சொல்லியிருந்தாயே! உன் அம்மா ஞாயிறு தவறாமல் கறி எடுக்கச் சொல்லிவிட்டு, பிறகு நீ வரமாட்டாய் என்று ஞாபகம் வந்து வேண்டாம் என்பாள். நீயானால் நம் ஊர் ஸ்டாப் வழியாகவே ஜன்னலோரம் உட்கார்ந்து போயிருக்கிறாய். பையனுக்கு அந்தப் பக்கம் வேறு ஏதோ பெண் விவகாரம் என்றுதான் என் புத்தி போயிற்று. லாவண்யா முகம் கண் முன்னால் வந்தது.

அடுத்த ஞாயிறு நானும் போனேன். செக்போஸ்டைத் தாண்டி இருநூறு அடி, ரோட்டோரம் அந்த டீக்கடை. தகரக் கொட்டகைக்குள் நீள பெஞ்சில் ஏழெட்டுப் பையன்கள், ஒவ்வொருவன் கையிலும் ஒரு போன். ஒருவன் வாயிலும் பேச்சில்லை, பரீட்சை ஹால் தோற்றது. எல்லாம் நம் பக்கத்துப் பிள்ளைகள், நகரி, புத்தூர், கார்வேட்டி நகரத்துக்காரர்கள்கூட. நடுவில் நீ. ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, கண்ணாடி மேல் ஒற்றை விரலால் எதையோ சுண்டிக்கொண்டிருந்தாய். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "பெரியவரே, டீ மட்டுமா, சார்ஜரும் வேணுமா?" என்று கேட்டார். என்னையும் ஆட வந்தவன் என்றே நினைத்துவிட்டார்! சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பெண் விவகாரம் இல்லை என்று தெரிந்ததும் முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீ தலைநிமிர்ந்து பார்த்துவிட்டு, "இன்னா நைனா இங்க?" என்றாய். அது நான் கேட்க வேண்டிய கேள்வி. ஆட்டம் முடியட்டும் என்று விரலைக் காட்டினாய், நானும் ஏதோ ஆபீசுக்கு மனு கொடுக்க வந்தவன் மாதிரி ஓரமாக நின்றேன். முடித்துவிட்டு வெளியே வந்து சொன்னாயே, அது இன்னும் என் காதில் இருக்கிறது. "பொய் ஒண்ணும் சொல்லல நைனா. எந்த ஸ்டேட்ல இருக்கேன்னு கேக்குது, தமிழ்நாட்ல இருக்கேன்னு போடறேன். இங்கதான நிக்கறேன்? போனே எடத்த பாத்துக்கினு ஒத்துக்குது. நம்ம வூட்டாண்ட ஒக்காந்தா ஒத்துக்காது. அவ்ளோதான்." இருக்கிறேன் என்கிற சொல்லை நீ அந்த இடத்தில் எப்படிப் பிடித்துக்கொண்டாய் பார்! நம்மிடம் யாராவது எங்கே இருக்கிறாய் என்று கேட்டால், இந்த நிமிஷம் நிற்கிற இடத்தையும் சொல்லலாம், குடும்பத்தோடு வாழ்கிற ஊரையும் சொல்லலாம். நீ நிற்கிற இடத்தைச் சொன்னாய். அவன் கேட்டது வாழ்கிற ஊரை. இப்போது பணத்தை எடுக்கப் போகிறபோது அவன் ஆதாரத்தோடு கேட்பதும் அதைத்தான்.

இதில் என் பங்கும் இருக்கிறது, அதனால்தான் உன்னை முழுசாகத் திட்ட முடியவில்லை. போன தீபாவளிக்கு வந்தபோது, "சரியா எந்த எடத்துல நைனா தமிழ்நாடு ஆரம்பிக்குது? செக்போஸ்ட்லயா?" என்று சாதாரணமாகக் கேட்டாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. ரிட்டையர் ஆன பிறகு என் வேலையைப் பற்றி யார் கேட்கிறார்கள்? செக்போஸ்ட் வேறு, எல்லை வேறு என்று ஆரம்பித்தேன். நம் மாநிலத்துப் பாஸ் எந்தக் கல்லோடு செல்லாமல் போகும், எந்த ஸ்டேஜிலிருந்து டிக்கெட் மெஷினில் மாநிலத்தை மாற்ற வேண்டும், எந்தப் புளியமரம் நமக்கு, எந்த மோட்டார் கொட்டகை அவர்களுக்கு என்று ஒரு மணி நேரம் பேசினேன். பிள்ளைக்கு அப்பன் தொழில்மேல் எவ்வளவு ஆசை என்று உன் அம்மாவிடம் வேறு பீற்றிக்கொண்டேன். நீயோ எங்கே உட்கார்ந்து ஆடலாம் என்று இடம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். அட, என் முட்டாள்தனமே!

நீ ஆடுவது தப்பு என்று சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. கேரம் போர்டு முன்னால் உன்னைத் தூக்கி உட்காரவைத்துக் காய் அடிக்கக் கற்றுக் கொடுத்தவனே நான்தான், டிப்போ ரெஸ்ட் ரூமில். டீக்குப் பந்தயம் கட்டுவோம் என்றுதான் உனக்குத் தெரியும். டியூட்டிக்கும் பந்தயம் கட்டுவோம். தோற்றவன் ஜெயித்தவனுக்குப் பதிலாகப் பண்டிகை நாளில் வண்டி ஏற வேண்டும். நீ ஐந்தாவது படிக்கிறபோது பொங்கலன்று நான் வீட்டில் இல்லையே, ஸ்பெஷல் பஸ் போட்டுவிட்டார்கள் என்று உன் அம்மாவிடம் சொன்னேனே, அது ஸ்பெஷலும் இல்லை ஒன்றும் இல்லை. சிவப்புக் காயில் தோற்றேன். இத்தனை வருஷம் மென்று விழுங்கிய விஷயம், இன்றைக்கு எழுதிவிட்டேன். உன் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள்.

நீ டீக்கடையில் கேட்ட நியாயமும் எனக்குப் புரிகிறது. "அதே ஆட்டம், அதே வெரலு. ஆறு கிலோமீட்டர் தள்ளிப் பொறந்திருந்தா நா நல்லவன், இங்க பொறந்ததால திருடனா?" என்று கேட்டாயே. இந்த எல்லை நம்மைப் படுத்திய பாட்டில் இதுவும் ஒன்று. வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு, இந்தப் பக்கம் போனால் தமிழன் என்று இளக்காரமாக அரவாடு, அந்தப் பக்கம் போனால் தெலுங்கன் என்று கொல்ட்டி. சட்டம் நியாயமா இல்லையா என்று வாதாட எனக்குப் படிப்பு போதாது. ஆனால் என் சம்பாத்தியத்திலேயே கல்யாணம் செய்துகொள்கிறேன், நைனா கடன் வாங்க வேண்டாம் என்று நீ அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். அதற்காகத்தான் அந்த பெஞ்சில் உட்கார்ந்தாய் என்பதும் தெரியும். அதை நினைத்தால் கோபம் இறங்கிவிடுகிறது. பயம் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது.

ஏன் இவ்வளவு பயம் என்று சொல்கிறேன், கேள். ஊரை மாற்றிச் சொல்ல உனக்கு முதலில் கற்றுக் கொடுத்தது அந்தக் கம்பெனி இல்லை, நான். நீ தமிழ் படிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. ஆறாவதிலிருந்து ஒன்பதாவது வரைக்கும் உன்னை அத்தை வீட்டில் விட்டு அந்தப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தேன். பிறகு பத்தாவதுக்கு இங்கே கூட்டி வந்தேன். நீ இன்டர் இரண்டு வருஷத்தையும் முடித்துக் காலேஜ் சீட்டுக்குப் போனபோதுதான் தலையில் இடி விழுந்தது. ஆறாவதிலிருந்து ஏழு வருஷத்தில் நாலு வருஷம் வெளி மாநிலத்தில் படித்த பையன், அதனால் உள்ளூர்க்காரன் என்கிற ஒதுக்கீடு கிடையாது, 'நான்-லோக்கல்' என்றார்கள். நம் பூட்டன் காலத்திலிருந்து இந்த மண்ணில் உழுதிருக்கிறோம், என் பிள்ளை இந்த ஊருக்கு வெளியாளாம்! நகரியில் பெயருக்கு நடந்துகொண்டிருந்த ஒரு சின்ன பிரைவேட் பள்ளிக்காரரைப் பிடித்தேன். நீ அந்த நாலு வருஷமும் அங்கேதான் படித்தாய் என்று ஒரு சர்டிபிகேட் வாங்கினேன். அந்தப் பள்ளி இப்போது இல்லை. அந்தக் காகிதம் இருக்கிறது.

அதைச் சரிபார்க்கிற அன்றைக்கு உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆபீசர் நல்ல மனிதர். உன்னைப் பார்த்துச் சிரித்து, "ஏ ஊரு பாபூ மீதி?" என்றார். உன் ஊர் எது தம்பி என்றுதான் கேட்டார், வேறொன்றும் இல்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாய். நான் கண்ணை அசைத்த பிறகுதான், "நகரி சார்" என்றாய். நகரி என்பது உண்மைதானே தினகரா? உண்மையைச் சொல்லக்கூட என் முகத்தைப் பார்த்துச் சம்மதம் வாங்க வேண்டியதாகப் போயிற்றே! அன்றைக்கு சீட் கிடைத்த சந்தோஷத்தில் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் உனக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். எனக்கு மட்டும் ஒரு வாய் இறங்கவில்லை. உனக்கு வேலை கிடைத்த பிறகும், யாராவது பழைய பைலைத் திறந்துவிடுவார்களோ என்று ஒவ்வொரு வருஷமும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். தபால்காரர் சைக்கிள் நின்றால்கூட எழுந்து வாசலை எட்டிப் பார்ப்பேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. தைரியசாலி அப்பன் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால் அந்த நினைப்பை விட்டுவிடு.

இப்போது உன் வேலை என்ன? வார்டு சச்சிவாலய ஆபீசில் உட்கார்ந்து, யார் எந்தத் தெருவில் வசிக்கிறார்கள் என்று பார்த்து, இருப்பிடச் சான்றுக்கு வருகிற மனுக்களை மேலே அனுப்புகிற வேலை. ரேணிகுண்டாவில் குடியிருந்துகொண்டு உன் வார்டு விலாசத்தில் சான்று கேட்ட ஆட்டோக்காரர் ஒருவரைத் திருப்பி அனுப்பினேன் என்று நீயே பெருமையாகச் சொன்னாய். பக்கத்து வீட்டில் விசாரித்தேன், ஆள் அங்கே இல்லை, அதனால் தள்ளிவிட்டேன் என்றாய். அந்த மனிதரும் ஏதோ ஒரு கஷ்டத்துக்குத்தானே கேட்டிருப்பார்? அவருக்கு இல்லை என்று சொன்ன அதே விரலால் உனக்கு ஆமாம் என்று அழுத்தப் போகிறாயா? கம்பெனிக்காரன் பொய்யைக் கண்டுபிடித்தால் பணம் போகும், போகட்டும், அது பெரிசில்லை. ஆந்திர அரசாங்கத்தில் சம்பளம் வாங்குகிறவன், தமிழ்நாட்டில் வசிக்கிறேன் என்று கையெழுத்துப் போட்ட காகிதம் நாளைக்கு உன் மேலதிகாரி மேஜைக்கு வந்தால்? நீ அனுப்பிய ஒவ்வொரு சான்றையும் பிரிப்பார்கள். உன் பைலையும் பிரிப்பார்கள். அதில் அடியில் நான் வைத்த காகிதம் இருக்கிறது. லாவண்யா அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்ல?

பணம் நின்றதையும் கடிதத்தையும் போனில் எனக்குச் சொன்ன உன் அத்தையை நேற்று போய்ப் பார்த்தேன். கோபமாகத்தான் போனேன். அவள் வாசலிலேயே, "வாண்ணா, துன்னுட்டுப் பேசு" என்றாள். நான் உட்காரவில்லை. இப்படி ஒரு கையெழுத்துப் போடலாமா, படித்துப் பார்த்தாயா என்று கத்தினேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: "இன்னாண்ணா தப்பு? நாலு வருசம் என் வூட்ல இல்லியா அவன்? நானா அனுப்புனேன்? நீதான் வந்து இட்டுக்கினு போன. அவன் துன்ன தட்டு இன்னும் அலமாரில கீது. என்னிக்கு வந்தாலும் அதுலதான் போடறேன். என் கணக்குல அவன் இங்கதான் கீறான்." அவளுக்குப் பிள்ளை இல்லை. உன்னைக் கொண்டுபோய் விட்டதும் நான், பிடுங்கிக்கொண்டு வந்ததும் நான். அவளைப் பொறுத்தவரை அந்தக் காகிதத்தில் பொய்யே கிடையாது. அவள் பாசத்தை நீ கம்பெனிக்காரனுக்கு ஆதாரமாகக் காட்டப் போகிறாய் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. கடைசியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொள் என்று எவ்வளவோ சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டாள். அது இப்போது உன் போனில் படமாக இருக்கிறது, என்னால் கிழிக்கவும் முடியாது. பணத்துக்கு நான் வழி சொல்ல மாட்டேன், உனக்கு அது ஆறுதலாகவும் இருக்காது. பந்தலைச் சின்னதாகப் போடுவோம், ஐந்நூறு பேருக்குப் பதில் இருநூறு பேர் சாப்பிடட்டும். லாவண்யாவிடம் எல்லாவற்றையும் நீயே சொல்லிவிடு. அந்தப் பெண் கோபித்துக்கொண்டால் இரண்டு நாள் கோபித்துக்கொள்ளட்டும். கல்யாணத்துக்குப் பிறகு வேறு யார் வாயாலோ தெரிந்துகொண்டால் அந்தக் கோபம் ஆயுசுக்கும் ஆறாது. என் பழைய சர்டிபிகேட் விஷயத்துக்கு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அது நான் செய்தது, கேட்கிற நாள் வந்தால் நான்தான் போய் நிற்பேன். உன்னை நிற்க விடமாட்டேன்.

ஆனால் ஒன்று முடிவு செய்துவிட்டேன், அதை உனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் மரியாதை. அந்தக் காகிதத்தில் விசாரணைக்கு என்று அத்தையின் போன் நம்பர் போட்டிருக்கிறாய். கம்பெனியிலிருந்து கூப்பிட்டுக் கேட்பார்களாம், அவளே சொன்னாள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நான் அங்கே போகிறேன். எத்தனை நாள் ஆனாலும் அவள் வீட்டிலேயே இருப்பேன். போன் வந்தால் அவள் கைக்குப் போகவிட மாட்டேன், நான் எடுப்பேன். தினகரன் இங்கே இருக்கிறாரா என்று அவர்கள் கேட்பார்கள். அதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் உண்டு. கல்யாணம் வைத்திருக்கிற வீட்டில் நாங்கள் உப்பு தீர்ந்தாலும் இல்லை என்று சொல்வதில்லை, நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்கிறோம். அப்படியிருக்க, பெற்ற பிள்ளையின் பெயரைச் சொல்லி ஒருவன் கேட்கும்போது, இல்லை என்று என் வாயால் சொல்ல வைக்காதே தினகரா.

உன்
நைனா